இதர

ஏழாம் நம்பர் படகின் பெட்ரோல் முள்
எப்போதும் பாதியில் நிற்கும்.
டாங்க் நிறைந்தாலும் பாதி, வற்றினாலும் பாதி.
நான் நம்புவது ஒரு மூங்கில் குச்சியை.
ஆணியால் கீறிய ஒன்பது கோடுகள்.
விட்டு எடுத்ததும் படித்துவிட வேண்டும்,
பெட்ரோல் யாருக்கும் காத்திருக்காது.
பைக்காராக் குளிரில் மட்டும்
ஒரு மூச்சு நேரம் கூடுதலாக ஈரம் நிற்கும்.

தணிகாசலம் சார் கோவையிலிருந்து வந்தார்
மப்ளரும் கால்குலேட்டருமாக.
ரவுண்டுக்கு மூன்று லிட்டர் போடுகிறாய்,
கம்பெனிப் புத்தகம் இரண்டேகால் என்கிறது,
முக்கால் லிட்டர் எங்கே?
கேட்டது என் சட்டைப்பையிடம்.

அந்தப் புத்தகம் கடல் மட்டத்தில் எழுதியது சார்.
இங்கே ஏறக்குறைய ஏழாயிரம் அடி.
காற்று மெலிந்துபோய் வருகிறது,
எஞ்சின் பாதியை எரித்து
மீதியைக் கரியாகத் துப்புகிறது.
பிளக்கைக் கழற்றிக் கையில் கொடுத்தேன்.
விரலை ஒரு பழைய பில்லில் துடைத்துக்கொண்டு
"நேரில் பார்க்கிறேன்" என்று ஏறிவிட்டார்.

பெள்ளன் ஆறு லிட்டர் அளந்து ஊற்றினான்.
போக இரண்டு, வர இரண்டு,
மீதி இரண்டு என் வழக்கம்.
"அந்த மீதியை யார் கணக்கில் எழுதுவது?"
கடிகாரத்தைப் பார்த்தபடியே கேட்டார்.
நான் விசையைக் கொஞ்சம் குறைத்தேன்.
மூக்கு தூக்கி ஓடுகிற படகு அதிகம் குடிக்கும்,
மெல்லத் தாழ்ந்து ஓடினால் பாதிதான்.
இதைச் சொல்லவில்லை. ஏறுகிறவர்கள்
தாழ்ந்து ஓடுவதற்கா காசு கொடுக்கிறார்கள்?

சோலைத் திட்டைத் தாண்டித் திரும்பும்போது
பனி இறங்கியது.
முதலில் எதிர்க்கரை போனது,
அப்புறம் தண்ணீர்,
அப்புறம் அவருடைய ஷூ.

எஞ்சினை அணைத்தேன்.
"நின்றுவிட்டதா?" குரல் உடைந்திருந்தது.
இல்லை சார், கேட்கிறேன்.
பெள்ளன் காலி கேனை ஸ்பேனரால் அடிப்பான்,
அந்தப் பக்கம்தான் படகுத்துறை.
ஒன்பது நிமிடம் எதுவும் கேட்கவில்லை.
மிதந்தோம். காற்று எங்களை
வந்த வழியே திருப்பித் தள்ளியது.
"இப்போது பெட்ரோல் செலவாகிறதா?"
இல்லை.
"ஆனால் தூரம் கூடுகிறது" என்றார்,
தனக்குத்தானே.

தகரம் ஒலித்தது. மெதுவாக வந்து சேர்ந்தோம்.
குச்சியை அவரே விட்டு எடுத்தார்.
வெளிச்சம் பக்கம் திரும்புவதற்குள்
ஈரம் காய்ந்துவிட்டது. மறுபடி விட்டார்.
எத்தனையாம் கோடு என்று
என்னிடம் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துக் கடிதம்:
ரவுண்டுக்கு இரண்டரை.
பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம்,
தலைப்பு 'இதர', உச்சவரம்பு கால் லிட்டர்.
பனி, எதிர்க்காற்று, கரி,
நடு ஏரியில் செல்ஃபிக்காக நிறுத்தச் சொல்கிறவர்கள்
எல்லாரும் அதற்குள் ஒடுங்கி உட்கார வேண்டும்.
மீதிக் கால் லிட்டருக்கு
கட்டம் இல்லை.

இன்று காலை குச்சி ஐந்தரை காட்டியது.
திருப்பூரிலிருந்து ஏழு பேர், ஒரு கிட்டார்.
கிட்டாரையும்
எடையில் சேர்த்துக்கொண்டேன்.