மூன்றாம் மாடி

டுலூத், பிப்ரவரி. ஏரி கல்லாய்க் கிடக்கிறது.
இரண்டு இருபதுக்கு வந்தாள் ஹோடன் வர்சாமே,
இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்தபடி ஒன்று,
பூட்ஸில் சாலை உப்பின் வெள்ளைக் கறை.

லிஃப்ட் கிடையாது.
"பிள்ளைகளோடு சிரமமாச்சே,
கீழே பின்பக்கம் ஒன்று காலியாகும்…"
நுனிநாக்குவரை வந்துவிட்டது.
அன்பாகத்தான் வந்தது.
அந்த அன்பைத்தான் சட்டம் நம்புவதில்லை.
அவளுக்கு எது சிரமம் என்று தீர்மானிக்கிற வேலை
என் சாவிக்கொத்தோடு வரவில்லை.

விழுங்கினேன்.
முப்பத்தெட்டுப் படிகள்.
மூச்சு வாங்கியது எனக்கு.

காலையில் வந்துபோன பெக்ஸ்ட்ரோமிடம் சொன்னதையே சொன்னேன்:
மாதம் தொள்ளாயிரத்து எண்பது டாலர்,
ஒரு மாத வாடகை முன்பணம்,
ஹீட்டர் செலவு எங்களுடையது,
குளியலறைக் குழாய் ராத்திரியில் முனகும்.
குழாயை மறைத்திருக்கலாம்.
அவனிடம் மறைக்கவில்லையே.

பெரியவன் ஜன்னல் பனியை நகத்தால் சுரண்டினான்.
"கப்பல் தெரியுமா?"
"பனி உடையட்டும், தெரியும்."

நாலு மணிக்குப் போனில் லுண்ட்க்விஸ்ட்,
கட்டடத்தின் சொந்தக்காரர்.
"வந்தவங்க எந்த மாதிரி ஆளுங்க?"
பதிவேட்டைப் பார்த்து வாசித்தேன்:
"முதல் விண்ணப்பம், மூன்று பத்து.
வருமானம் போதும். பழைய வாடகை பாக்கியில்லை."
"நான் கேட்டது அது இல்ல."
"தெரியும்," என்றேன்.

ஏதோ இருமினார். வானிலை பற்றிப் பேசினார். வைத்துவிட்டார்.

பேனா கையில்தான் இருந்தது.
அடுத்த வரியில்
அவர் கேட்ட கேள்வியையும் எழுதினேன்,
அவர் சொன்ன சொற்களிலேயே.
நேரம்: நாலு ஐந்து.