மூன்றாவது மரம்

பத்து மணிக்குக் கரண்ட் வரும் என்றார்கள்.
அதற்குள் உரித்துவிடலாம்.
ஒலுமடுக் காட்டோரத்து மூன்று பாலை மரங்கள்,
மூன்று பைகள். கையுறையில் பால் பிடித்து
விரல்கள் ஒன்றையொன்று விட மறுக்கின்றன.

தோல் ஒரு கிண்ணம். சதை ஒரு கிண்ணம்.
விதை,
கறுத்து மினுங்கும் அந்தச் சின்ன வழுக்கல்,
மூன்றாம் கிண்ணத்தில் விழுந்து கிணுங்குகிறது.
பறித்துத் தந்த தயாபரன்
எண்ணும்போதே பாதியைத் தின்றார்,
விதையைத் துப்பித் துப்பி.
"நல்லதை நான் தின்னுறன் தங்கச்சி,
மிச்சத்தை நீங்கள் ஆராயுங்கோ."

மெதனோலில் ஓரிரவு ஊறி, வடிந்து,
மஞ்சள் வினைபொருளோடும் சோடாக் கரைசலோடும்
அரை மணி நேரம் இருட்டில் இருந்தபின்
கயர்ப்புக்கு நிறம் வருகிறது. நீலம்.
சதைக்கு
துவைத்துத் துவைத்து வெளுத்த கழுத்துப்பட்டியின் நீலம்.
தோலுக்கு மழைக்கு முந்தின மேற்கு.
விதையின் குழாய்க்குப் பின்னால்
என் விரலே தெரியவில்லை;
கருவி எண் சொல்ல மறுத்தது.
பத்து மடங்கு தண்ணீர் விட்டேன், பிறகு சொன்னது.
துப்பியதில்தான் இருந்திருக்கிறது.
தயாபரனிடம் சொல்லவேண்டும்.

மூன்றாவது மரத்தின் கதை குறிப்பேட்டில் இல்லை.
காற்றுக்கு முறிந்த அதன் பெருங்கொப்பை
மர ஆலைக்கு ஏற்றிப் போனவர்கள்
அன்று பின்னேரமே கொண்டுவந்து போட்டார்களாம்.
வாளில் இரண்டு பல் போயிற்று.
போய்ப் பார்த்தேன்: வெட்டுமுகத்தில்
நகமளவு இரும்பு,
அதைச் சுற்றி வைரத்துக்குள் ஊறிப் பரவிய கறுப்பு.
இரும்பைத் தொட்டால் கயர்ப்பு மையாகும்.
முதலாம் ஆண்டில் படித்தது, பரீட்சைக்கு வரவில்லை.
இத்தனை வருடம்
ஒருவரும் தொட்டு எழுதாத மை.

அதனால் அந்த மரத்தின் எண்களை மட்டும்
இரண்டு தடவை கூட்டினேன்.
ஏதாவது ஏறியிருக்கும்,
அல்லது இறங்கியிருக்கும் என்று.
தோலும் சதையும் விதையும்
மற்ற இரண்டு மரங்களோடு
ஒட்டிக்கொண்டே நின்றன.

அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்:
மரங்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

திரும்பவும் கரண்ட் போனது.
மேசையில் மிச்சமாக ஒரு பழம்,
எந்தப் பையினதோ.
ஆய்வுகூடத்தில் தின்னக்கூடாது.
தின்றேன். உதடு ஒட்டியது.
விதையைத் துப்பவில்லை,
கடித்தேன்.