பன்னிரண்டு வோல்ட்

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
நள்ளிரவோடு தள்ளுபடி முடிகிறதென்று
நாள் முழுக்க போன் நச்சரித்தது.
பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு வாங்கினேன்.

வயர் இல்லாத ட்ரில், இரண்டு பேட்டரி,
பச்சைப் பெட்டிக்குள் முப்பத்திரண்டு முனைகள்.
இருபத்தொன்பது எதற்கென்று இன்றுவரை தெரியாது.
மூன்றுக்குத்தான் காசு கொடுத்ததாக வைத்துக்கொள்கிறேன்.

மதிவாணன் ஆசாரியைக் குறை சொல்ல மாட்டேன்.
கானாடுகாத்தானில் ஏதோ ஓட்டல் வேலை,
ஏழு ஆள் வைத்தும் மூச்சுவிட நேரமில்லை அவருக்கு.
“நாளைக்கு வாரேங்க்கா” என்றது பங்குனியில்.
ஆறு திருகாணிக்காக யார் வருவார்?
வைகாசி வரைக்கும்
கதவுக்குப் பின்னால் அரிசி டிரம்மை நகர்த்தி வைத்துத்தான்
படுத்தோம், மகளும் நானும்.

தாழ்ப்பாள் நூற்று நாற்பது.
மில்லில் கணக்கு முடித்துப் புதுவயலிலேயே வாங்கியது.
செக்காலை வரும்வரை மடியில் கனத்தது.

கதவு வேப்பம் பலகை. வெண்ணெய்.
நாலு திருகாணியும் நாலு நிமிஷத்தில் இறங்கின.
மகள் போன் வெளிச்சம் பிடித்தாள்,
பிடித்தபடியே யாருக்கோ பதிலும் எழுதினாள்,
வெளிச்சம் விட்டத்துக்குப் போய்ப் போய் வந்தது.

நிலைதான் தேக்கு.
பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது என்று
வீட்டுக்கார சோலையப்பன் சொன்னபோது
வாடகையை ஏற்றத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.
வந்துதான் இருக்கும் போல.
ட்ரில் முக்கியது. முனகியது.
கழுத்து வளையத்தை ஆறிலிருந்து பதினெட்டுக்குத் திருப்பினேன்.
சூடான பிளாஸ்டிக் வாசனை.
ஐந்தாவது முக்கால்வாசி இறங்கியபோது
சிவப்பு விளக்கு.

அழகப்பாபுரத்தில்
பேட்டரிக்கென்றே படித்தவர்கள் உட்கார்ந்து
ஆராய்ச்சி பண்ணுகிற ஊர் இது.
என் பேட்டரிக்கு ஆயுசு இருபத்திரண்டு நிமிஷம்.

அடுத்ததை மாட்டி ஐந்தாவதை முடித்தேன்.
ஆறாவது பாதியில் தலை மழுங்கிவிட்டது,
பிடுங்கிப் பெட்டியில் போட்டாயிற்று.
தாழ்ப்பாள் ஐந்தில் நிற்கிறது.
அரிசி டிரம் அடுப்படிக்குப் போனது.
அன்றைக்கு ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டேன்.

பிறகு தெரு தெரிந்துகொண்டது.
அடைக்கலமேரிக்குக் கொசுவலைச் சட்டம்,
மாடி வீட்டுக்குச் செருப்பு அலமாரி,
யாரோ கடன் வாங்கிப் போய்
முப்பத்தொரு முனையோடு திருப்பித் தந்தார்கள்.
எதற்கென்று தெரியாத ஒன்று தொலைந்ததற்கு
எப்படிச் சண்டை போடுவது?

உத்தரவாதம் ஆறு மாசம்.
ஏழாவது மாசம் ஒரு பேட்டரி செத்தது.
எதிர்வீட்டு நைனா முகமதுவிடம் வேறு கம்பெனி ட்ரில்.
அதுவும் பன்னிரண்டு வோல்ட். அதே உயரம், அதே கறுப்பு.
மாற்றிப் போட்டுப் பார்த்தோம்.
உள்ளே ஒரு பல் இடித்தது, அரை மில்லிமீட்டர்.
“எல்லாம் ஒண்ணுதான், பொருந்தலையே” என்று
ஆச்சரியப்பட்டார் அவர்.
எனக்குப் பார்த்தபோது பத்துக்கு எட்டு.
அவரிடம் அதைச் சொல்லவில்லை.

கண்ணாடி மாட்டலாமென்று
ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரைத் தொட்டேன்.
முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு.
இடித்துத் துளைக்கிற மாடல் ஆயிரம் ரூபாய் கூட,
என்னுடையது சும்மா சுற்றும்.
சுற்றிச் சுற்றி
கடுகளவு பள்ளம், அதைச் சுற்றி ஒரு பளபளப்பு.
அவ்வளவுதான் முடிந்தது.
கண்ணாடி இப்போதும் அலமாரிமேல் சாய்ந்தே நிற்கிறது,
அதில் எனக்குக் கழுத்துக்கு மேலே தெரியாது.

கோலாலம்பூரிலிருந்து சோலையப்பன் வீடியோவில் வந்தார்.
“சுவத்தத் தொட்டுறாதீங்க.
பதினோரு புள்ளி வீடு இது,
ஆணி அடிக்கணும்னாலும் எல்லாரையும் கேக்கணும்.”

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால் ஒரு புள்ளி,
அது அவர்கள் கணக்கு.
நான் வாடகை நோட்டில் வருகிறவள்,
மாசம் பிறந்தால் ஐந்தாம் தேதி.
சரிங்க, சரிங்க என்று
கேமராவை அந்தப் பக்கம் திருப்பாமல் பேசி முடித்தேன்.

“சுவத்துல என்னம்மா அது?”
“புள்ளி.”
ஓ, என்றாள்,
போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.