வலது கை

பரலோக மந்திரத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது.
அங்கே வந்ததும் எனக்கு இருமல் வந்துவிடும்.
பதினொரு மாதமாக.
அது சளி இல்லையென்று பிரகாசிக்குத் தெரியும்.
இரண்டு வரிசை முன்னால், முக்காட்டுக்குக் கீழே,
அவள் முதுகு கொஞ்சம் விறைக்கும்.

சண்டை பெரிதில்லை.
அவள் புருஷனும் என் புருஷனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்,
ஒரு எஞ்சினுக்குக் கடன் வாங்கினார்கள்.
கச்சான் அடித்த ராத்திரி
எஞ்சின் பாரில் மோதிச் செத்தது.
ஏழாயிரத்து நானூறு ரூபாய்
யார் கணக்கு என்பது இன்னும் தீரவில்லை.
பாம்பன் குழாயடியில், நாலு பேர் முன்னால்,
அவள் ஒரு சொல் சொன்னாள்.
நான் மூன்று சொன்னேன். மூன்றாவது
அவளுக்குப் பிள்ளை தங்காததைப் பற்றி.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.
சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் கொடுத்தார்.
வீடு வந்து சேர்வதற்குள் முடித்துவிட்டேன்.
அந்தச் சொல்தான் முடியவில்லை.
சோறு வடிக்கும்போது, ரேஷன் வரிசையில்,
பாலத்தில் ரயில் ஊர்ந்து போகிற சத்தத்தில்கூட
என் குரலிலேயே திரும்பக் கேட்டது.

பூசையில் சமாதானம் பகிரும் நேரம்
எல்லாரும் கைகூப்பித் திரும்புவார்கள்.
நான் இடப்பக்கம், அவள் வலப்பக்கம்.
பழகிவிட்டது.
பழகிப்போனதற்கு நிம்மதி என்று
நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

தபசு காலத்து முதல் வாரம்
பாசி எடுக்கப் போனோம், ஒரு வல்லத்தில் ஒன்பது பேர்.
என் சோடி ரெஜினாளுக்குக் காய்ச்சல்.
தீவுப் பக்கம் நங்கூரம் போட்டதும்
காலில் தகடு கட்டினேன், கண்ணாடி மாட்டினேன்,
பழைய வேட்டிக் கிழிசலை
இடது கை விரல்களில் சுற்றினேன்.

இடது கைக்கு வலது கை இருக்கிறது.
வலது கைக்கு?
பல்லால் இழுத்துக் கட்டிப் பார்த்தேன்.
அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது.
பார்க்கல் ஆள் பார்க்காது.
வெறுங்கையோடு இறங்கினால்
பிறகு பத்து நாளைக்குப் புளி கரைக்க முடியாது.

பிரகாசி எழுந்து வந்தாள்.
வல்லம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.
ஒன்றும் சொல்லவில்லை.
சுண்டுவிரலில் ஆரம்பித்து
ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றி
நுனியில் முடிச்சுப் போட்டாள்.
பெருவிரலுக்குத் துணி போதவில்லை.
தன் தலைத்துண்டின் ஓரத்தைக் கிழித்தாள்.
அவள் கையில் மண்ணெண்ணெய் வாசம்.
அதையே நுகர்ந்துகொண்டிருந்தேன், அழாமலிருக்க.

"பிரகாசி, அந்த மூணாவது சொல்லு..." என்றேன்.
"கையை ஆட்டாத" என்றாள்.

தண்ணீருக்கடியில் பேச்சு கிடையாது.
ஒரு மூச்சுக்கு எவ்வளவோ அவ்வளவு பாசி.
அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்,
ஒரே கல்லில் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தோம்.
மேலே வரும்போது அவள் தலையும் வருகிறதா என்று பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.
சோடி போட்டவர்கள் எல்லாரும் பார்ப்பதுதான்.
ஆனாலும் பார்த்தாள்.

ஆண்டவர் தண்ணீர்மேல் நடந்தவர்.
எங்கள் பாரில் இறங்கி நடந்திருந்தால்
அவருக்கும் இரண்டு தகடு வேண்டியிருக்கும்,
வலது கைக்குத் துணி சுற்றிவிட
பேச்சுவார்த்தை இல்லாத ஒருத்தியும்.

ஞாயிற்றுக்கிழமை
அவள் அதே வரிசையில், நான் அதே வரிசையில்.
ஏழாயிரத்து நானூறும் அதே இடத்தில்.
அந்த வரி வந்தது.
அடுத்தவரை மன்னிக்கிற முன்பாதியில் இருமினேன்.
நமக்காகக் கேட்கிற பின்பாதி
சத்தமாகவே வந்துவிட்டது,
பக்கத்தில் நின்ற பிள்ளை நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு.

சமாதானம் பகிரச் சொன்னார்கள்.
பிரகாசி வலப்பக்கம் திரும்பினாள், வழக்கம்போல.
பிறகு இன்னும் கொஞ்சம் திரும்பினாள்.
கைகூப்பவில்லை.
முகத்தையும் பார்க்கவில்லை.
என் பெருவிரலைப் பார்த்தாள்,
துணியையும் மீறிக் கல் கிழித்த இடம்
ஆறிவிட்டதா என்று.