ஏறாதவர்களின் கட்டம்

என் வேலை எண்ணுவது.
தடம் எண் 47, பின்கதவுக்கு எதிர் இருக்கை,
மடியில் அட்டை, அட்டையில் தாள்,
தாளில் இரண்டே கட்டம்:
ஏறியவர். இறங்கியவர்.

ஸ்டேட்டன் தீவில், பாலத்துக்கு இந்தப் பக்கம்,
வீட்டுக்கு இரண்டு கார்,
பிள்ளை கல்லூரிக்குப் போனால் மூன்று.
நடைபாதை பாதி வழியில் மனம் மாறிப்
புல்லாகிவிடும்.
நிறுத்தம் என்பது ஒரு கம்பம்.
கம்பத்தில் கால அட்டவணை,
அதன்மேல் மெத்தை விளம்பரம்.

ஓட்டுநர் அக்ரோன் பேசமாட்டார்,
ஓரிடத்தைத் தவிர.
பேரங்காடி மூடி நான்கு வருடம்.
இன்னும் உள்ளே நுழைந்து,
காலியான வாகனத் திடலில் ஒரு முழு வலம் வந்து,
யாரையும் இறக்காமல் யாரையும் ஏற்றாமல்
வெளியே வருகிறோம். ஆறு நிமிடம்.
"கற்பூரம் மட்டும்தான் பாக்கி" என்று
அல்பேனிய மொழியில் சொல்வதுண்டோ என்னவோ,
அந்த முகத்தோடு ஸ்டீயரிங்கைத் திருப்புவார்.

முதியோர் மனை நிறுத்தம், காலை 6:37.
இரவு வேலை ஆறரைக்கு முடிகிறது.
பொறுப்பை ஒப்படைத்து, சட்டை மாற்றி,
சேற்றோரமாய் நடந்து வர ஒன்பது நிமிடம்.
பின்கண்ணாடியில் அவளைப் பார்க்கிறேன்.
கண்ணுக்கு எட்டியது காலுக்கு எட்டவில்லை.
திங்கள்: ஓடுகிறாள். தாளில் சுழி.
செவ்வாய்: ஓடுகிறாள், ஒரு கையில் காலணி. சுழி.
புதன்: ஓடவில்லை. நின்று பார்க்கிறாள்.
அடுத்தது ஐம்பது நிமிடம் கழித்து.

ஒரே ஒரு நாள், குழாய் வெடித்து சாலை அடைபட்டு,
நாங்கள் தாமதம்.
அன்று ஏறினாள். சட்டையில் பெயர்: கர்மாய்.
"தாமதமாய் வந்ததற்கு நன்றி" என்றாள் அக்ரோனிடம்.
ஒன்று என்று எழுதினேன்.
அந்த மாதத்தில் அந்த நிறுத்தத்தின் மொத்தமும் அதுதான்.

பள்ளி உணவுக்கூடத்தில் கூட்டம்.
போக்குவரத்துத் துறையிலிருந்து டெல்ஃபின்,
சுவரில் வண்ணக் கோடுகளாய்த் தீவு.
ஒன்று விட்டு ஒரு நிறுத்தத்தை எடுத்தால்
பதினோரு நிமிடம் மிச்சம் என்றார்.
ரொட்டிக்கடை ஸ்கால்ஃபானி எழுந்து,
முதலில் என் கடை வாசல் நிறுத்தத்தை எடுங்கள்,
இரண்டு கார் நிற்கும் இடம் அது, என்றார்.
கைத்தட்டல்.
முழங்கால் உறை போட்ட திருமதி ப்ரூயிட் கேட்டார்:
"நிறுத்தத்தை எடுத்துவிடலாம்.
மேட்டை யார் எடுப்பது?"
டெல்ஃபின் அதைக் குறித்துக்கொண்டார்.
நிஜமாகவே குறித்துக்கொண்டார், எட்டிப் பார்த்தேன்.

எண்ணுகிறவர்கள் கூட்டத்தில் பேசக்கூடாது.

மறுநாள் பென்சிலால் மூன்றாவது கட்டம் வரைந்தேன்.
6:37. ஒருவர். ஓடினார். இரண்டு நிமிடம்.
அலுவலகம் திருப்பி அனுப்பியது:
படிவத்தில் இல்லாத கட்டம்.
மறுபடி வரைந்தேன்.
மறுபடி வந்தது.
அதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை
கதவு நசுங்கிய பழுப்பு கார் ஒன்று எங்களை முந்திப் போனது.
ஓட்டியது கர்மாய்.
அவள் ஓட்டத்தை எழுத இனி பென்சிலும் வேண்டாம்.
படிவத்தின்படி எதுவும் மாறவில்லை:
அங்கே யாரும் ஏறுவதில்லை.

செப்டம்பரில் வலம் வருவதை நிறுத்தினார்கள்.
என் பென்சிலா, டெல்ஃபினின் கணக்கா,
அங்காடியை இடிக்க வந்த கிரேனா, தெரியாது.
மிச்சமான ஆறு நிமிடத்தை முன்னால் சேர்த்தார்கள்.
இப்போது 6:43.
ப்ரூயிட்டின் நிறுத்தம் தப்பவில்லை. மேடு இருக்கிறது.

முதியோர் மனையில் இன்று மூவர் ஏறினார்கள்,
வெள்ளைக் காலணி, தூக்கக் கண்.
மூன்று.
அடுத்த சிக்னலில் பக்கத்தில் பழுப்பு கார்.
கடன் தவணை இன்னும் எத்தனை மாதமோ,
ஜன்னல் வழியே அவர்களைப் பார்த்துக்
கை அசைத்தாள்.
அவள் காரில் நான்கு இருக்கை காலி.
அதையும் எண்ணிவிட்டேன்,
பழக்கதோஷம்.