ஐந்தில் மூன்று

ரெஜ்ஜோ எமிலியாவில், பால் கூட்டுறவுக் கிடங்கில்
முப்பத்தோரு வருடமாகத் தட்டுவதே என் வேலை.
கூரை வரை அடுக்கு; அடுக்கெல்லாம் சீஸ் சக்கரங்கள்.
சிறு சுத்தியலால் தட்டுவேன்.
உருட்டுவேன்.
தட்டுவேன்.
நல்லதென்றால் சுற்றிலும் ஒரே குரலில் பேசும்.
விரிசல் இருந்தால் ஓரிடத்தில்
பாதிச் சொல்லை விழுங்கும்.
அறுக்காமல் அறிவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சந்தேகமென்றால் ஊசி உண்டு.
திருகி உள்ளே விட்டு, இழுத்து, முகர்ந்து பார்ப்பேன்.
அதை அடிக்கடி எடுப்பவனுக்கு எங்களிடம் மரியாதை இல்லை:
ஊசி போனதெல்லாம்
ஊசிப்போனது அல்லவே.

மார்ச்சில் என் ரத்தத்தில் ஓர் எண் ஏறியது.
ஆறு புள்ளி எட்டு.

அண்ணன் ஓல்மோவுக்கு ஏறியபோது நேரே ஊசிதான்.
பன்னிரண்டு. எங்கே என்று தெரியாமல், குத்துமதிப்பாக.
அந்தச் சொல்லுக்கு அன்றுதான் பொருள் தெரிந்தது அவனுக்கு.
நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தான்.
ஒன்றுமில்லை என்றார்கள்.
இரண்டு வருடம் கழித்து, இருக்கிறது என்றார்கள்;
ஏழாவது துளைக்கும் எட்டாவதற்கும் இடையில்
பேசாமல் உட்கார்ந்திருந்ததாம்.

எனக்கு முதலில் படம்.
மோதிரம், பெல்ட், பையில் மறந்திருந்த சுத்தியல்,
எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள் அந்தப் பெண்.
குழாய்க்குள் தள்ளினார்கள்.
தட்டத் தொடங்கியது இயந்திரம்.
பழக்கதோஷம், காது கொடுத்தேன்:
எங்கேயாவது விழுங்குகிறதா?
முப்பது நிமிடம். ஒன்றும் பிடிபடவில்லை.
சக்கரத்துக்குத் தன் ஒலி கேட்காது போலும்.

டாக்டர் ஸ்பஜ்ஜாரி திரையைத் திருப்பினார்.
சாம்பல் நிறத்தில் என் புராஸ்டேட்,
வயதுக்கு மீறி ஊதிய அக்ரூட்.
இடது ஓரத்தில் ஒன்பது மில்லிமீட்டர் மங்கல்.
“ஐந்தில் மூன்று” என்றார்.
ஒன்றும் இரண்டும் வீட்டுக்குப் போகலாம்.
நான்கும் ஐந்தும் ஊசிக்கு.
மூன்று?
வயதைத் தட்டச்சினார், ரத்த எண்ணை, சுரப்பியின் அளவை.
நூறில் ஏழு என்றது கணினி.
அண்ணனைச் சேர்த்தார்.
ஒன்பது.

(நூறு சக்கரத்தில் ஒன்பது பழுதென்றால்
எங்கள் மேலாளர் கப்பினி அழுதுவிடுவார்.)

“குத்திப் பார்த்துவிடுங்களேன்” என்றேன்.
“உங்கள் சக்கரங்களுக்கு வலிக்காது,
காய்ச்சலும் வராது” என்றார்.
“ஆறு மாதம். மறுபடி ரத்தம். தேவைப்பட்டால் மறுபடி படம்.
அது வளர்ந்தால், எங்கே குத்துவது என்றாவது தெரியும் இப்போது.”

முதல் தரம் உண்டு எங்களிடம், இரண்டாம் தரம் உண்டு,
முத்திரையைச் சுரண்டி அனுப்புவதும் உண்டு.
பொறுத்துப் பார்ப்போம் என்றொரு தரம்
கிடங்கில் எந்த அடுக்கிலும் இல்லை.
காரில் வரும்போது அதற்கு இடம் தேடினேன்.

இரவு குளியலறையில்,
தொப்புளுக்குக் கீழே, விரல் முட்டியால்
ஒரு தட்டு.
சற்று இடப்பக்கம் தள்ளி இன்னொன்று.

“யாரது, இந்நேரத்தில் கதவைத் தட்டுவது?”
சமையலறையிலிருந்து நோர்மா.

தண்ணீரைத் திறந்துவிட்டேன்.
“யாருமில்லை” என்றேன்.
பிறகு, உண்மைக்குப் பயந்து,
“தெரியவில்லை” என்றேன்.