டைனமோ பக்கம்

கானாடுகாத்தான் பள்ளி மைதானத்தில்
சுண்ணாம்புக் கோட்டுக்குள் நாற்பத்தொரு வண்டிகள்.
நடுவர்கள் மூன்று பேர்.
ஒருவர் ஆர்.சி. புத்தகம் பார்ப்பார்,
ஒருவர் பெயின்ட்.
நான் கேட்பேன்.

காரைக்குடியில் லேத் வைத்திருப்பவளுக்குக்
காதுதான் கண் என்று
கமிட்டியில் யாரோ சொல்லிவிட்டார்களாம்.
நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும்:
முனை எஞ்சின் மேல், பிடி காதுக்குழியில்.
உள்ளே நடக்கிற சண்டையெல்லாம் வெளியே வரும்.

முதல் வரிசையில்
புல்லட்டாகப் பிறந்த ஏதோ ஒன்று.
டேங்க் முழுக்க ஆத்தங்குடிக் கல்லின் பூ,
ஆளுயர ஹேண்டில்,
மட்கார்டில் தங்க எழுத்தில் குடும்ப விலாசம்.
ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்.
சாத்தப்பன் மிதித்தான், மிதித்தான்,
கூலிங் கிளாஸைக் கழற்றி வைத்துவிட்டு மிதித்தான்.
'நேத்து ராத்திரி ஒரே மிதிம்மா.'
எல்லா வண்டியும்
நேற்று ராத்திரி ஒரே மிதிதான்.

பதினேழாம் எண். மெரூன் ஜாவா.
கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பெயின்ட் நடுவர்
இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் தாளில் எழுதினார்:
கிக்கர் இல்லை, மைனஸ் ஐந்து.
அருளப்பன் ஒன்றும் பேசவில்லை.
குனிந்து
கியர் லிவரை உள்ளே ஓர் அமுக்கு,
பின்னால் ஒரு திருப்பு.
கியர் எழுந்து நின்று கிக்கரானது.
நிஜமாகவே ஒரே மிதி.
எவனோ விசிலடித்தான்.
நடுவர் தொப்பியைச் சரிசெய்தார்,
தொப்பி சரியாகத்தான் இருந்தது.

எனக்கும் சிரிப்பு.
சிரித்தபடியே ஸ்க்ரூடிரைவரை வைத்தேன்.
வலப்பக்கம், அடியில்,
பித்தளைச் சொம்புக்குள் ஒற்றைப் புளியங்கொட்டை
உருள்கிற மாதிரி.

கேட்காத மாதிரி இருந்திருக்கலாம்.
மெரூன் மேல் வெயில் அப்படி விழுந்திருந்தது.

இருபதுக்குப் பதினெட்டு என்று
முன்கூட்டியே எழுதியிருந்தேன்.
தப்புதான்.
அடித்துவிட்டுப் பன்னிரண்டு.

மைக்கில் பெயர்கள் வாசித்து முடித்தார்கள்.
மக்கள் விருப்பக் கோப்பை சாத்தப்பனுக்கு,
கடைசிவரை ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு.
அருளப்பன் நேரே என்னிடம் வந்தார்.
ஏன் குறைத்தீர்கள் என்பார்,
பதில் தயாராக வைத்திருந்தேன்.
அவர் கேட்டது வேறு.
'எந்தப் பக்கம்?'
'டைனமோ பக்கம். மெயின் பேரிங்.'
'நான் கிளட்ச்னு நெனச்சு
ஆறு மாசமா அதையே கழட்டிக்கிட்டிருக்கேன்.'

கோப்பை வாங்கியவர்கள்
அகலத் தெருக்களில் முறுக்கிக்கொண்டு போனார்கள்,
சாத்தப்பன் மினி லாரியில்.

பள்ளத்தூர்ச் சாலையில், பொழுது சாய்கிற நேரம்,
மெரூன் ஜாவாவை ஒரு மனிதர்
தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால்
பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று
நிறுத்திக் கேட்காதீர்கள்.
டேங்க் நிறைய இருக்கிறது.